பச்சைப் பொட்டு வைத்த கப்பல்

குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். ஒரகடத்தில், கார் கதவின் உள்பக்கத்துக்குப் பிளாஸ்டிக் பேனல் செய்யும் ஒரு கம்பெனியில் லைனின் கடைசியில் நிற்பவள் நான். வரும் ஒவ்வொரு பேனலையும் டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஓரத்தை விரலால் தடவி, சரியாக இருந்தால் கடலைப்பருப்பு அளவில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவேன். அதில் என் நம்பர் அச்சடித்திருக்கும், பதினேழு. பதினேழு ஒட்டிவிட்டால் அப்புறம் அந்தப் பேனலை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வீட்டிலும் அதே கண்ணோடுதான் திரிவேன். "பொண்ணு பாக்க வந்தன்னிக்கே என்ன ரிஜெக்ட் பண்ணியிருக்கலாமே" என்பார் என் கணவர்.

கப்பல் செய்ய ஆரம்பித்தது என் மகளுக்காக. அவளுக்கு அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. சேரப்பணஞ்சேரியில் நாங்கள் இருப்பது ஒரே வரிசையில் கட்டிய நாலு வீடுகளில் ஒன்று. மழை பெய்தால் வாசலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். பெரியவர்கள் திட்டுவோம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். முதலில் காகிதத்தில் கத்திக் கப்பல் மடித்துக் கொடுத்தேன். அது இரண்டே நிமிடத்தில் ஊறி மூழ்கியது. அடுத்து, தேய்ந்துபோன ரப்பர் செருப்பை பிளேடால் செதுக்கி, துடைப்பக் குச்சியைக் கம்பமாகக் குத்தி, பால் பாக்கெட் கவரைப் பாயாகக் கட்டிக் கொடுத்தேன். அது தண்ணீரில் வைத்ததும் குப்புறக் கவிழ்ந்தது. எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தாள். கம்பெனியில் கஸ்டமர் கம்ப்ளைண்ட் வந்தால் மேனேஜர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த கப்பலிலிருந்து சோதனை போட்டுத்தான் கொடுத்தேன். பக்கெட் நிறையத் தண்ணீர், கப்பலின் மேல் டார்ச் லைட்டின் பழைய பேட்டரி இரண்டு, நூறு வரை எண்ணுவது. நூறுக்குள் சாயாமல், தண்ணீர் ஏறாமல் நின்றால் அந்தக் கப்பலின் மூக்கில் ஒரு பச்சை ஸ்டிக்கர். ஸ்டிக்கர் கம்பெனியுடையதுதான். ரோல் தீரும்போது அட்டையோடு ஒட்டிக்கொண்டு நாலைந்து வீணாகும், அதை ஐடி கார்டின் பின்பக்கம் ஒட்டி எடுத்து வந்துவிடுவேன். திருட்டு என்றால் திருட்டுதான், இல்லை என்று சொல்லவில்லை.

பிள்ளைகள் அதைப் பொட்டு என்றார்கள். "ஆண்ட்டி, பொட்டு வைங்க ஆண்ட்டி" என்று தாங்களே செய்த சோப்பு டப்பாக் கப்பலையும் தெர்மாகோல் கப்பலையும் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் என் வாசலில் வரிசை கட்டுவார்கள். பொட்டு இல்லாத கப்பல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது தெருவில் சட்டமே ஆகிவிட்டது. ஊரில் எனக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான், அனுபவித்தேன்.

வரிசையின் முதல் வீட்டில் இருப்பவள் வீட்டின் சொந்தக்காரி. ஓனரக்கா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு முதல் ஷிப்ட், என் கணவருக்கு இரண்டாம் ஷிப்ட். அவர் ஒன்றரைக்குக் கிளம்புவார், நான் வந்து சேர மூன்றரை ஆகும். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அந்த இரண்டு மணி நேரம் என் மகள் ஓனரக்காவின் பொறுப்பு. அக்காவுக்கு நாலு வயதில் ஒரு பெண், பாப்பா என்போம். பிறகு கைக்குழந்தையாக ஒரு பையன். பாப்பா என் மகளின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அவள் போகும் இடமெல்லாம் போகும்.

வீடுகளுக்குப் பின்னால், கருவேல மரங்களைத் தாண்டி ஒரு பள்ளம் இருக்கிறது. கம்பெனிகளுக்கு மனையை மேடாக்க லாரி லாரியாக மண் எடுத்த இடம். கோடையில் அதில் ஆடு மேயும். ஐப்பசியில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தால்கூடக் காலை ஒடிப்பேன் என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வருஷத் தீபாவளிக்கு ஓனரக்கா வீட்டில் புது ஃப்ரிட்ஜ் வாங்கினார்கள். ஃப்ரிட்ஜுக்கு அடியில் வைத்து வந்த தெர்மாகோல் தட்டு பிள்ளைகளுக்குக் கிடைத்தது. நாலு பக்கமும் விளிம்பு வைத்த, ஒரு பிள்ளை சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்குப் பெரிய தட்டு. நடுவில் மட்டும் சதுரமாக ஒரு ஓட்டை. "இத்த கப்பலா பண்ணிக் குடு" என்று மகள் பிடித்த பிடியில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன். வேறு ஒரு துண்டை வெட்டி ஓட்டையை அடைத்து, பழுப்பு டேப்பை மேலும் கீழும் இரண்டு சுற்று ஒட்டினேன்.

"பாப்பா உக்காருமாம்மா இதுல?" என்று மகள் கேட்டாள்.

"வாசத் தண்ணில உக்காரலாம். நாளைக்கி வெயிட்டு வச்சுப் பாத்துட்டு பொட்டு வக்கிறேன்" என்றேன்.

அன்று ராத்திரியெல்லாம் மழை. திங்கட்கிழமை விடியும்போதே பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டுவிட்டார்கள். கம்பெனிக்கு மழையாவது, வெயிலாவது. ஐந்தரைக்கு மெயின் ரோட்டில் பஸ் நிற்கும். சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது பாயிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, கப்பலுக்குப் பொட்டு?"

"சாயங்காலம் வந்து."

"நேத்தும் நாளைக்கின்னுதான் சொன்ன."

பஸ்ஸை விட்டால் அரை நாள் லீவு. காலண்டரின் பின்னால் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கரில் ஒன்றை உரித்து, மூலையில் சாய்த்து வைத்திருந்த அந்தப் பெரிய தட்டின் விளிம்பில் அழுத்தினேன். தண்ணீர் காட்டவில்லை, எடை வைக்கவில்லை, டேப்பை ஒரு முறை தடவிக்கூடப் பார்க்கவில்லை. "போதுமா?" என்று கேட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். எட்டு வருஷ வேலையில் நான் பார்க்காமல் ஒட்டிய பதினேழு அது ஒன்றுதான்.

ஷிப்டில் போன் வைத்துக்கொள்ள விட மாட்டார்கள், லாக்கரில் பூட்டிவிட வேண்டும். இரண்டரைக்கு வெளியே வந்து போனை எடுத்தால் ஒன்பது மிஸ்டு கால், ஒன்பதும் ஓனரக்காவிடமிருந்து. வாடகை தாமதமானால்கூட அக்கா வாசலில் வந்து நின்று கேட்பாளே தவிர போன் செய்ய மாட்டாள். பஸ்ஸில் ஏறிக்கொண்டே கூப்பிட்டேன். பஸ் கூரையில் மழைச் சத்தம், அந்தப் பக்கமும் மழைச் சத்தம்.

"எவ்ளோ நேரமா அடிச்சிகினு கீறேன், எங்கம்மா போன?" அக்கா அழுகிறாள் என்று தெரிந்தது. "பள்ளத்துல முழுகிடுச்சும்மா! கப்பல எத்துகினு போச்சுங்க ரெண்டும்... கொழ... முழுகியே போச்சு... உம்பொண்ணு..."

அதோடு லைன் அறுந்தது. திரும்ப அடித்தேன், மணி போனது, எடுக்கவில்லை. அதற்கும் அடுத்த முறை சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. காலையிலிருந்தே எங்கள் பக்கம் கரண்ட் இல்லை, சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும். என் கணவர் போன் அவர் கம்பெனி லாக்கரில். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் ஷிப்டில்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த பெண் என் லைனில் பேக்கிங் செய்பவள். என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள். "இன்னாச்சி?"

"கொழந்த முழுகிடுச்சாம்" என்றேன். என் வாயால் நானே சொல்லிக் கேட்டபோதுதான் அது உண்மையானது.

"ஐயோ! எந்தக் கொழந்த?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குள் அந்தக் கேள்வி வேறு மாதிரி இறங்கியது. போனது இரண்டு பேர். அக்கா என்னைத் திட்டினாள், அழுதாள். என் பிள்ளை போயிருந்தால் என்னிடம் இப்படிச் சொல்வாளா, தன் பிள்ளை போயிருந்தால் போன் பிடிக்கும் தெம்பு இருக்குமா என்று ஒவ்வொரு வார்த்தையையும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். "உம்பொண்ணு" என்று அவள் நிறுத்திய இடத்துக்குப் பிறகு என்ன வரும்? உன் பெண் போய்விட்டாள் என்றா, உன் பெண்ணால்தான் என்றா?

படப்பை ரோட்டில் கார் ஏற்றிய பெரிய டிரெய்லர் ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. பஸ் நகரவில்லை. கண்ணாடியில் மழை வழிந்தது. நான் கண்ணை மூடி எனக்குத் தெரிந்த சாமியெல்லாம் கூப்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அது பாப்பாவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் பிள்ளையை மட்டும் விட்டுவிடு, அவர்களுக்குத்தான் இன்னொன்று இருக்கிறதே என்று, அந்த நாலு வயதுப் பிள்ளை என் மடியில் உட்கார்ந்து எத்தனையோ நாள் இட்லி தின்றிருக்கிறது என்று தெரிந்துகொண்டே, வேண்டிக்கொண்டேன். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பார்கள். வேண்டுதலும் அப்படித்தான் போலிருக்கிறது.

பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன். ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூவுக்குள் தண்ணீர் புகுந்து ஒவ்வொரு காலும் இரும்பாகக் கனத்தது. வீட்டு வாசலில் யாரும் இல்லை. மூலையில் வைத்திருந்த தெர்மாகோல் தட்டு இல்லை. கருவேல மரங்களுக்கு நடுவே பாதை முழுக்கச் சின்னச் சின்னக் காலடிகள், சேற்றில் எதையோ இழுத்துப்போன தடம்.

பள்ளத்தின் நடுவில் கப்பல் மிதந்துகொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை.

கரையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். ஓனரக்கா முழங்கால் வரை நனைந்த புடவையோடு, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள் என் மகள். உயிரோடு, முழுசாக. அவளைப் பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த நொடியே அவள் பக்கத்தில் பார்த்தேன். பாப்பாவைக் காணவில்லை. கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டான் கடவுள் என்று நினைத்தேன். போய் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"வந்தியா? பாரு, உம்பொண்ணு பண்ண வேலைய" என்றாள் அக்கா. "எங்கம்மா சீரா குட்த்தது. முழுகியே போச்சு."

எனக்கு எதுவும் விளங்கவில்லை. "பாப்பா எங்கக்கா?"

"பாப்பாவா? அந்தா கீதே."

கூட்டத்தில் ஒரு கிழவரின் துண்டுக்குள், வெறும் ஜட்டியோடு, விரல் சூப்பிக்கொண்டு பாப்பா நின்றுகொண்டிருந்தது.

"அப்ப முழுகினது?"

"கொழவிம்மா! அம்மிக் கொழவி! அதத்தான அப்ப போன்ல கத்தினேன்!"

குழவி. ஒன்பது முறை போன் செய்தது அதற்காக. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அழுகையாவது வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். நேராகப் போய் என் மகளின் முதுகில் நாலு அறை வைத்தேன். கை வலிக்கிற அளவுக்கு. பள்ளத்துப் பக்கம் போகாதே என்று எத்தனை தடவை சொன்னேன் என்று கத்தினேன். பிறகு அவளை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதேன். அக்காவே வந்து என்னைப் பிடித்து விலக்கினாள். "விடு, புள்ளய ஏன் அடிக்கிற? கல்லுதான போச்சு. போனா போவுது."

"எதுக்குடி குழவிய எடுத்த?" என்று மகளை உலுக்கினேன்.

அவள் அழவில்லை. நான் செய்த செருப்புக் கப்பல் கவிழ்ந்த அன்று பார்த்த அதே பார்வை பார்த்தாள். "பாப்பாவத்தான் ஏத்தலாம்னு வந்தோம். நீ காலைல பாக்காமலே பொட்டு ஒட்டின. நான் படுத்துகினே பாத்தேன். அதான் மொதல்ல கொழவிய ஏத்தினேன்."

"அதுக்குக் கொழவியா?"

"தம்பிக்குத் தொட்டில் போட்டப்போ அவங்க மொதல்ல கொழவியத்தான போட்டாங்க? அப்றந்தான தம்பிய போட்டாங்க?"

புரட்டாசியில் அக்காவின் பையனுக்குத் தொட்டில் போட்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கம்தான். அம்மிக் குழவியைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சின்னச் சட்டை சுற்றி, முதலில் அதைத் தொட்டிலில் கிடத்தி ஆட்டுவார்கள். பிறகு அதை எடுத்துவிட்டுப் பிள்ளையைப் போடுவார்கள். பிள்ளை கல் மாதிரி திடமாக இருக்க வேண்டும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். அன்று என் மகளும் முன்வரிசையில் நின்று பார்த்தாள். நாங்கள் எல்லோரும் அதைச் சடங்கு என்று நினைத்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் அதைச் சோதனை என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். என் விஷயத்தில் அந்தப் பழமொழி பொய்த்துப்போனது.

"கயிறு கட்டித்தான் தள்ளினேன்" என்றாள். "எம்பத்திரண்டு வரைக்கும் எண்ணினேன். அப்ப நடுவுல டேப்பு பிரிஞ்சுடுச்சு. கொழவி அப்டியே கீழ போயிடுச்சு. பயந்துகினு கயித்த விட்டுட்டேன்."

யாரோ ஒரு நீளக் கழியால் கப்பலைக் கரைக்கு இழுத்தார்கள். நான் அடைத்த துண்டு இல்லை, நடுவில் சதுரமாக ஓட்டை மட்டும் இருந்தது. டேப் ஒரு பக்கம் தொங்கியது. விளிம்பில் என் பதினேழு அப்படியே பளிச்சென்று இருந்தது. ஓட்டையின் அளவைப் பார்த்தேன். அதற்கு மேல்தான் பாப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்.

அக்காவும் அந்த ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நேரம் குழவிக்காகப் புலம்பியவள் என் மகளிடம் மெதுவாகக் கேட்டாள். "பாப்பா கவுனு எங்க?"

"கொழவிக்குப் போட்டுட்டேன். பாப்பா மாதிரியே இருக்கணும்ல."

அக்கா கைக்குழந்தையை என்னிடம் நீட்டினாள். துண்டோடு சேர்த்துப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலண்டருக்குப் பின்னால் இருந்த ஸ்டிக்கர்களை உரித்து அடுப்பில் போட்டேன். கப்பல் செய்வதை விடவில்லை, பிள்ளைகள் விட விடவில்லை. ஆனால் பக்கெட்டின் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவது இப்போது என் மகள். என் கப்பலானாலும் சரி, நூறு முடியாமல் என்னிடம் தர மாட்டாள். லைனில் நிற்கும்போது சில நாள் ஒரே பேனலை மூன்று முறை பார்க்கிறேன், வேகம் குறைகிறது என்று சூப்பர்வைசர் சத்தம் போடுகிறார். போடட்டும்.

ஓனரக்கா அதற்குப் பிறகு குழவியைப் பற்றிப் பேசவே இல்லை. மசாலா அரைக்க என் வீட்டு மிக்ஸிக்கு வருவாள். வாடகை ஏற்றும் மாதம் வந்தது, எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏற்றவில்லை. எனக்கு அது சோற்றில் கிடந்த கல் மாதிரி உறுத்தியது. நான் ஓட்டை அடைத்த லட்சணத்துக்கு அவள் என்னைக் காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சித்திரையில் பள்ளம் வற்றியது. ஒருநாள் சாயங்காலம் அக்கா வந்து, "வரியா, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றாள். வெடித்த சேற்றில் இறங்கித் தேடினோம். நடுவில், பாதி புதைந்து கிடந்தது. பாப்பாவின் கவுன் அதைச் சுற்றி அப்படியே இருந்தது. நிறம் போய் மண் நிறமாகியிருந்தது, ஆனால் முதுகில் நாடா கட்டிய முடிச்சு அவிழவில்லை. என் மகள் இறுக்கிக் கட்டியிருக்கிறாள்.

அக்கா குனிந்து கையாலேயே சேற்றைத் தோண்டி அதை எடுத்தாள். கவுனைக் கழற்றவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவவும் இல்லை. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கனமா இருக்கும், நான் புடிக்கட்டாக்கா?"

"வேணாம்மா."

கருவேல மரங்களைத் தாண்டும்போது கேட்டாள். "அன்னிக்கு போன்ல கொழந்தன்னு உன் காதுல வுழுந்துச்சாமே. பஸ்ல வரச்சொல்ல இன்னா நெனச்சிகினு வந்த?"

"ரெண்டு புள்ளைங்களுக்கும் ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு வேண்டிகினு வந்தேன்க்கா" என்றேன்.

அவள் நின்று என் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "எனக்குத் தெரியும்மா" என்றாள். பிறகு குழவியை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். வீடு வரும்வரை அதைக் கீழே இறக்கவில்லை. நான் பின்னாலேயே நடந்தேன்.